கேன்சஸ் 1968: 0.35 தப்பா, கோபுரம் தப்பா?

கொடிக்கம்பம்:
நேற்று மழை முன்னறிவிப்பு இழையில் ‘மாடல்மன்னன்’ போகிற போக்கில் ஒரு வரியைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். //தரையொட்டிய காற்றின் கொந்தளிப்புக்கு இன்னமும் கேன்சஸ் சூத்திரங்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வான் கார்மன் மாறிலியையே 0.35 என்று தப்பாக அளந்தவர்களை எப்படி நம்புவது?// அதற்குக் கைதட்டல் வேறு.

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1968 கோடையில் தென்மேற்குக் கேன்சஸில், அறுவடை முடிந்து வெறும் தாள் நின்ற கோதுமை வயலில் 32 மீட்டர் கோபுரம் நட்டு, மூன்று உயரங்களில் ஒலியால் காற்றை அளக்கும் சோனிக் அனிமாமீட்டர் மாட்டி அளந்தார்கள். மோனினும் ஒபுகோவும் தரையொட்டிய காற்றின் கொந்தளிப்பைப் பற்றி 1954-இல் காகிதத்தில் சொன்ன கோட்பாட்டுக்கு வயலில் வைத்து வடிவம் கொடுத்தது அந்தக் கூட்டம்தான். பிசிங்கரும் மற்ற மூவரும் 1971-இல் வெளியிட்ட கட்டுரையை மன்னர் முழுசாகப் படித்தாரா? தரையொட்டிய காற்றின் வேகக் கணக்கில் வரும் அந்த 0.35 யாரும் கனவில் கண்ட எண் இல்லை. அளந்த எண்.

மாடல்மன்னன்:
அளந்த எண் என்பதுதான் சிக்கலே. நிக்குராட்சே குழாயில் நீர் விட்டு அளந்ததில் 0.40. காற்றுச் சுரங்கங்களில் 0.40-ஐ ஒட்டியே. உங்கள் கோதுமை வயலில் மட்டும் 0.35. கோபுரமே காற்றைக் கலைத்துவிட்டது என்று 1980-இல் வீரிங்கா எழுதினார். 1988-இல் ஹோக்ஸ்ட்ரோம் சுவீடன் அளவீடுகளை வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஆராய்ந்து 0.40-க்கே வந்து சேர்ந்தார். டபிள்யூஆர்எஃப் என்ற வானிலைக் கணிப்பு மாடலின் நிரலைத் திறந்து பாருங்கள், 0.4 என்று போட்டிருக்கும். கதை முடிந்தது.

புதுமுகம்_77:
வணக்கம். அந்த மாறிலி எதற்கு என்று யாராவது ஒரு வரியில் சொல்ல முடியுமா? தேடினால் எல்லாம் சமன்பாடாக வருகிறது.

கொடிக்கம்பம்:
//கதை முடிந்தது// எங்கே முடிந்தது? வீரிங்கா 1980-இல் எழுதியதைச் சொல்லத் தெரிந்தவருக்கு, 1982-இல் வின்கார்ட், பிசிங்கர், கைமால், லார்சன் நால்வரும் அதே இதழில் பதில் எழுதியது தெரியாமல் போனது எப்படி? போன வருஷம் கடற்காற்று இழையிலும் இதே வேலைதான். சாதகமான பாதியை மட்டும் வெட்டி ஒட்டுவது.

வீரிங்காவின் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். கோபுரத்தால் சோனிக் கருவி உராய்வைக் குறைவாகக் காட்டியது என்றால் மாறிலி 0.35-க்கு மேலே போக வேண்டும். சரி. அதே மூச்சில், கிண்ணங்கள் சுழன்று காற்றை அளக்கும் கப் அனிமாமீட்டர் கூடுதலாகச் சுற்றுகிறது என்று கேன்சஸ்காரர்கள் செய்த திருத்தமும் அளவுக்கு மீறியது என்கிறார். அதைத் திருப்பி எடுத்தால் உயரத்தோடு காற்றின் வேக ஏற்றம் கூடி மாறிலி கீழே வரும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா, இல்லை நேராகக் கைதட்டலா?

மாடல்மன்னன்:
அவர் போட்டிருக்கிறார் ஐயா. போட்ட பிறகுதான் 0.40 பக்கம் வந்தது. திசையைச் சொல்லி அளவைச் சொல்லாமல் விடுவதற்குப் பெயரும் வெட்டி ஒட்டுவதுதான்.

காற்றாலைக்காரன்:
இரண்டு பேருக்கும் ஒரு தகவல். நாங்கள் 10 மீட்டரில் அளந்து 80 மீட்டருக்குக் கணக்குப் போடும்போது இந்த எண்ணே வராது. பின்னத்தில் மேலே ஒன்று கீழே ஒன்று, அடித்துப் போய்விடும். தரைச் சொரசொரப்பு 0.03 மீட்டர் என்றால் 80 மீட்டரில் காற்று 1.36 மடங்கு. 0.35 போட்டாலும் அதே 1.36, 0.40 போட்டாலும் அதே. ஆரல்வாய்மொழிக் கணவாயில், உயரத்தோடு காற்று கூடுவதைச் சொல்லும் அந்த மடக்கை விதியே ஒழுங்காக நிற்காது என்பது வேறு விஷயம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆடி மாதத் தென்மேற்குக் காற்று. சமதளத்துக்குச் செய்த சூத்திரத்தை அங்கே கொண்டுபோய் என்ன செய்வது?

மாடல்மன்னன்:
காற்றாலை அண்ணே, உங்களுக்கு அடித்துப் போகும். எங்களுக்குப் போகாது. மாடலில் காற்றின் வேகத்திலிருந்து தரை உராய்வைக் கணக்கிட வேண்டும், அதில் மாறிலியின் வர்க்கம் வருகிறது. 0.35-க்கும் 0.40-க்கும் நடுவில் உராய்வு 31 சதவீதம் மாறுகிறது. 31! புயல் எவ்வளவு வேகத்தில் வலுவிழக்கும் என்பதையே இது தொடும். இதைப் போய்ச் சின்ன விஷயம் என்பவர்களோடு என்ன பேச?

கொடிக்கம்பம்:
31 சதவீதம் என்று கத்துகிறவருக்கு: கேன்சஸ் கொடுத்தது தனி எண் இல்லை, ஒரு கட்டு. 0.35-ஓடு, தரை குளிர்ந்திருக்கும் நிலையான காற்றுக்கு 4.7, தரை சூடான நிலையற்ற காற்றுக்கு 15, உந்தம் கலப்பதை வெப்பம் கலப்பதோடு ஒப்பிடும் பிராண்டில் எண்ணுக்கு 0.74. ஹோக்ஸ்ட்ரோம் மாறிலியை மட்டும் மாற்றிவிட்டுப் போகவில்லை. 4.7 கிட்டத்தட்ட 6 ஆனது, 15 என்பது 19.3 ஆனது, 0.74 என்பது 0.95 ஆனது. எண்கள் மாறின, சூத்திரத்தின் வடிவம் கேன்சஸ் கொடுத்ததேதான். அந்த வடிவத்தைத்தான் நீங்கள் இன்றைக்கும் ஓட்டுகிறீர்கள். பழைய 4.7-ஐ வைத்துக்கொண்டு 0.4-ஐ மட்டும் நுழைப்பது அடுத்தவன் சட்டைக்கு நம் பொத்தானைத் தைப்பதுதான்.

கோட்டுப்படம்:
ஒரு வரி குறுக்கே. 31 சதவீதம் பெரிதுதான். ஆனால் சொரசொரப்பு நீளத்தை 0.03-இலிருந்து 0.06 ஆக்கிப் பாருங்கள், 10 மீட்டர் காற்றுக்கு உராய்வு 29 சதவீதம் கூடுகிறது. புல்வெளிக்கு 0.03-ஆ 0.06-ஆ என்று எந்த மாடலில் யார் சத்தியம் செய்து போடுகிறார்கள்? நிலப்பயன்பாட்டு அட்டவணையில் ஒரு வரி, அவ்வளவுதான். அதைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாடல்மன்னன்:
சொரசொரப்பு இடத்துக்கு இடம் மாறும். மாறிலி மாறக்கூடாது. அதனால்தான் அதற்கு மாறிலி என்று பெயர்.

கொடிக்கம்பம்:
//மாறிலி மாறக்கூடாது// அப்படியா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சோதனைக் குழாயான சூப்பர்பைப்பில் முதலில் 0.436 வந்தது, பிறகு 0.421 என்றார்கள். ஆர்க்டிக், அண்டார்டிக் கடற்பனியில் அளந்ததைச் சேர்த்து ஆண்ட்ரியாசும் கூட்டாளிகளும் 2006-இல் 0.387 என்றார்கள். குழாய்க்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று என்று வாதாடுகிறவர்கள் ஆய்வகப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ‘உலகப் பொது’ 0.40 எந்தக் கோவிலில் குடிகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள், வந்து கும்பிடுகிறேன்.

மாடல்மன்னன்:
நீங்கள் கொடுத்த பட்டியலிலேயே பாருங்கள்: 0.436, 0.421, 0.387. இதில் 0.35 எங்கே? உங்கள் சாட்சிகளே எனக்குச் சாட்சி. மிக்க நன்றி.

கொடிக்கம்பம்:
கோபுரத்தில் ஒரு தடவையாவது ஏறியிருந்தால் இப்படி எழுதமாட்டீர்கள். கப் அனிமாமீட்டரைப் பக்கத்தில் நின்று பார்த்ததுண்டா? வீச்சு வந்ததும் சட்டென்று வேகம் பிடிக்கும். வீச்சு போன பிறகும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும், மெல்லத்தான் அடங்கும். அதனால் சராசரி கூடிவிடும். பேரிங்கில் தூசி ஏறினால் நேர்மாறாக, இளங்காற்றில் நின்றே போகும். இப்படிப்பட்ட கருவியை வெயிலில் வைத்து ஒரு எண்ணை எடுத்தார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து நிரலில் 0.4 என்று தட்டுவதற்கு எத்தனை விநாடி ஆகும்?

மாடல்மன்னன்:
ஆக, ஏணி ஏறத் தெரியாதவன் சமன்பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது? நல்ல சட்டம். உங்கள் கப் கதையே அளவீடு எவ்வளவு சறுக்கும் என்பதற்குத்தான் உதாரணம். நான் சொன்னதைத்தான் நீங்கள் நீட்டி முழக்குகிறீர்கள்.

நடுநிசி:
இரண்டு பேரும் பகல் காற்றையே பேசுகிறீர்கள். தெளிவான இரவில் தரை குளிர்ந்து கொந்தளிப்பு விட்டு விட்டு வரும்போது மோனின்–ஒபுகோவ் கணக்கே தள்ளாடுகிறது. சூத்திரப்படி காற்று கலப்பதை நிறுத்தினால் மாடலில் தரை கண்டபடி குளிர்ந்துவிடும் என்பதால், ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்திலேயே நெடுங்காலம் அளவீடு காட்டுவதைவிடக் கூடுதலாகக் கலக்கிவிடும் சூத்திரத்தை வைத்திருந்தார்கள். அந்த ஓட்டை முன்னால் 0.35, 0.40 எல்லாம் எம்மாத்திரம்?

கொடிக்கம்பம்:
நடுநிசி, இரவைப் பற்றி இரவு இழையில் பேசுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். 0.35-ஐத் ‘தப்பு’ என்று சொல்ல இவருக்கு என்ன தகுதி?

நடுநிசி:
இழையை நீங்கள் விலைக்கு வாங்கிவிட்டது தெரியாமல் போயிற்று. மன்னிக்கவும்.

காற்றாலைக்காரன்:
நான் சொன்ன ‘அடித்துப் போகும்’ கணக்கு யாருக்காவது புரிந்ததா?

கோட்டுப்படம்:
புரிந்தது அண்ணே. 29-க்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

மேட்டுத்தெரு:
இதெல்லாம் வெள்ளைக்காரன் வயல். நம் நாட்டுக் கணக்கையும் கொஞ்சம் பேசலாமே? 1990-இல் மான்ட்பிளெக்ஸ் என்ற பருவக்காற்று ஆய்வுக்காக ஜோத்பூர், டெல்லி, வாரணாசி, கரக்பூர் நாலு இடத்தில் கோபுரம் நட்டார்கள். விஞ்ஞானி ரொத்தம் நரசிம்மா முன்னின்று செய்த வேலை. ஜோத்பூரில் காற்று மெலிந்து கிடக்கும்போது தரையிலிருந்து ஏறும் வெப்பம் காற்றின் வேகத்தைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை, வெப்பநிலை வித்தியாசத்தைத்தான் பார்த்தது என்று அந்தத் தரவை வைத்து எழுதினார்கள். மாடலில் வழக்கமாக எழுதும் சூத்திரத்துக்கு இது பிடிக்காத சேதி. நமக்கு வெயிலும் மெல்லிய காற்றும்தானே அதிகம்?

மாடல்மன்னன்:
நல்ல தகவல். அதிலும் மாறிலி 0.40 என்றுதான் போட்டிருப்பார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கொடிக்கம்பம்:
பந்தயமா? படிக்காமல் பந்தயம் கட்டுவதுதான் உங்கள் ஆய்வு முறை என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

மாடல்மன்னன்:
சரி, நேரடியாகவே கேட்கிறேன். நாளைக்கு நீங்களே ஒரு மாடல் எழுதினால் 0.35 போடுவீர்களா, 0.40 போடுவீர்களா? ஒரே வார்த்தையில்.

கொடிக்கம்பம்:
முதலில் 1982 பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

மாடல்மன்னன்:
ஒரே வார்த்தையில் கேட்டேன்.

கொடிக்கம்பம்:
நானும் தமிழில்தான் சொன்னேன். கட்டாகப் போடுவேன். 0.35 என்றால் 4.7, 0.74. 0.40 என்றால் 6, 0.95. உங்களைப் போல ஆளுக்கொரு கடையில் பொறுக்கமாட்டேன்.

மாடல்மன்னன்:
அதாவது 0.40 போடமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுமுகம்_77:
அந்த மாறிலி எதற்கு என்று…

கோட்டுப்படம்:
தம்பி, தரையிலிருந்து மேலே போகப்போகக் காற்றின் வேகம் கூடுமல்லவா, அந்த ஏற்றத்தையும் தரை உராய்வையும் முடிச்சுப் போடும் எண். மீதியை இவர்களிடம் கேட்காதீர்கள். 29 சதவீதத்துக்கு நானே காலையிலிருந்து வரிசையில் நிற்கிறேன்.

கொடிக்கம்பம்:
கோட்டுப்படம், நீங்கள் யார் பக்கம் என்று தெரியாமலா கேட்கிறேன்? பிராண்டில் எண் 0.74-ஐப் பற்றி நாளைக்குத் தனி இழை போடுகிறேன். மன்னர் அங்கே வரட்டும், வரும்போது கட்டுரையோடு வரட்டும்.

மாடல்மன்னன்:
வருகிறேன். 0.95-ஓடு.