தலசீமியா பையனுக்கு ரேஷன் அரிசி, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டை அம்மா:
பையனுக்கு 14 வயசு, தலசீமியா மேஜர் (ரத்தம் சரியா ஊறாத பரம்பரை நோய்). மூணு வாரத்துக்கு ஒருதரம் ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்துறோம். ஃபெரிட்டின் (உடம்புல தேங்கின இரும்பைக் காட்டுற ரத்த டெஸ்ட்) 2,600. இரும்பை வெளியேத்த டெஃபராசிராக்ஸ் மாத்திரை சாப்பிடுறான். ரேஷன் அரிசியில இரும்பு சேர்த்திருந்தா நிறுத்திடணுமா? பெரியவங்க "ரத்தம் ஊறும்"னு சுவரொட்டி, பேரீச்சை சிரப் கொடுக்கச் சொல்றாங்க.

பெரம்பூர் டயட்டீஷியன்:
அம்மா, முதல்ல கணக்கைப் பாருங்க. ஒரு யூனிட் ரத்தத்துல 200 மி.கி.க்குக் குறையாம இரும்பு இருக்கும். ரெண்டு யூனிட்டை 21 நாளுக்குப் பிரிச்சா நாளைக்கு 19 மி.கி. அதை வெளியேத்த உடம்புக்கு வழியே இல்ல, மாத்திரைதான் வெளியேத்தும். செறிவூட்டின அரிசியில கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. இரும்பு. 200 கிராம் அரிசின்னா 6 முதல் 8.5. அதுலயும் குடல் எடுத்துக்கறது கொஞ்சம்தான். வேற அரிசி கட்டுப்படியானா மாத்துங்க, இல்லேன்னா அதுக்காக சோத்தைக் குறைக்காதீங்க, வளர்ற பையன்.

சுவரொட்டி, ஈரல் ரெண்டும் வேண்டாம். அதிலுள்ள இரும்பு கீரை இரும்பைவிடச் சுலபமா உள்ள போகும். முருங்கைக்கீரை அளவாச் சாப்பிடலாம். சிரப், டானிக் லேபிள்ல அயர்ன், ஃபெரஸ்னு இருந்தா வாங்கவே வாங்காதீங்க. முக்கியமா, பள்ளிக்கூடத்துல வாரம் ஒண்ணு தர்ற நீல மாத்திரையில 60 மி.கி. இரும்பு இருக்கு. கிளாஸ் டீச்சர்கிட்ட நாளைக்கே சொல்லிடுங்க. வைட்டமின் சி 500 மாத்திரையும் டாக்டர் சொல்லாமத் தராதீங்க, தேங்கின இரும்பைக் கிளப்பிவிட்டு இதயத்தைப் பாதிக்கும். கொய்யாவைப் பழமாச் சாப்பிட்டா பயமில்ல.

வண்ணாரப்பேட்டை நர்ஸ்:
ஒண்ணு சேர்க்கணும். ரத்தம் ஏத்தாத தலசீமியா இன்டர்மீடியான்னா கதை வேற. அங்க குடலே இரும்பை அதிகமா இழுக்கும், அதனால சாப்பாடு ரொம்ப முக்கியம். சாப்பாட்டோட டீ குடிக்கலாம், இரும்பு உள்ள போறதைக் குறைக்கும். இரும்புச் சட்டியில புளிக்குழம்பு வேண்டாம், புளிப்பு சட்டி இரும்பைக் கரைச்சுடும்.

டெஃபராசிராக்ஸ் தண்ணில கரைக்கிற வகைன்னா வெறும் வயித்துல, சாப்பிட 30 நிமிஷம் முன்னாடி. பால், சோடா கூடாது. டம்ளர் அடியில தங்கினதையும் தண்ணி ஊத்திக் கலக்கிக் குடிக்கணும். அது விட்டுப்போறதே பெரிய நஷ்டம். வாந்தி, பேதி வந்து உடம்புல தண்ணி குறைஞ்சா அன்னைக்கே டாக்டரைக் கேளுங்க, அந்த நேரத்துல இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கலாம்.

தண்டையார்பேட்டை அம்மா:
நன்றிங்க. காசிமேட்டு மீன், சிப்பி?

வண்ணாரப்பேட்டை நர்ஸ்:
மீன் தாராளமா. சிப்பி, மட்டி நல்லா வெந்திருக்கணும். கடல் தண்ணில இருக்கிற விப்ரியோ கிருமி இரும்பு மிகுந்த ரத்தத்துல வேகமாப் பெருகும். கைகால்ல வெட்டுக்காயம் இருந்தா கடல் தண்ணில இறங்க விடாதீங்க.