‘முத்தியால்பேட்டை வீடு’ குழுவில் ஒரு வாரம்

சனிக்கிழமை

பெரியப்பா, காலை 9.40: மதி, பிரான்ஸ் பள்ளியில் இங்கிலீஷ் அசிஸ்டென்ட்டாக உனக்கு வாரத்துக்கே 12 மணி நேரம்தான் வேலை என்று அருண் சொல்கிறான். நான் இத்தனை நாளாக ஒரு நாளைக்கு 12 என்று நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா, 9.43: தூங்குவாள் மாமா. அங்கே விடியற்காலை 5 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிட்டது.

பெரியப்பா, 9.45: யார் திருப்பி வைத்தது?

அம்மா, 9.46: நாடு முழுக்கத்தான். எனக்கே ஒரு வாரம் குழப்பம். அவள் வகுப்பில் இருக்கும்போது போன் அடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா, 9.52: எழுந்ததும் பதில் போடட்டும். 1936இல் சவானா மில்லில் 12 பேர் உயிரைக் கொடுத்துத்தான் நம் புதுச்சேரியில் 8 மணி நேர வேலை வந்தது. பின்னாளில் அந்த மில் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தவன் நான். வாரத்துக்கு 12 என்று ஒரு கோரிக்கை வைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லையே!

அருண், 9.53: 😂😂

மதி, பிற்பகல் 2.20: வணக்கம் பெரியப்பா. ஆமாம், வாரத்துக்கு 12தான், ஒப்பந்தமே அப்படித்தான். அக்டோபர் 1இல் தொடங்கி ஏப்ரல் 30 வரை 7 மாதம். மாதம் 800 யூரோவுக்குக் கொஞ்சம் மேல் கைக்கு வரும். நம் கணக்கில் 70,000 ரூபாய்க்கு மேல். கேட்க நன்றாக இருக்கும், செலவு செய்வது யூரோவில் என்பதை மறந்துவிட்டால்.

பெரியப்பா, 2.24: பள்ளி லீவு விட்டால்?

மதி, 2.25: அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். ஆறேழு வாரம் பள்ளி, இரண்டு வாரம் லீவு. வருடம் முழுக்க இப்படித்தான் போகிறது.

பெரியப்பா, 2.26: அருண், நீ ஏன் இன்னும் மனுப் போடவில்லை?

மதி, 2.40: முழுக்கக் கேளுங்கள் பெரியப்பா. இரண்டு பள்ளி எனக்கு. ஒன்று இந்த லெ புய் ஊர் லிசே, அதாவது மேல்நிலைப் பள்ளி. இன்னொன்று பக்கத்து ஊர் கொலேழ், அதாவது நடுநிலைப் பள்ளி. திங்கள் காலை 8 மணிக்கு ஒரு வகுப்பு, அடுத்தது 2 மணிக்கு. நடுவில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஜெராக்ஸ் மிஷினோடு சண்டை. செவ்வாய் பஸ் பிடித்துப் போய் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். எந்த வகுப்புக்கு என்ன பேச வைப்பது என்பதை வீட்டில்தான் தயார் செய்ய வேண்டும். அந்த நேரம் 12இல் வராது.

அருண், 2.41: அக்கா, தனியாக வகுப்பு எடுப்பீர்களா?

மதி, 2.44: பாதி வகுப்பை அழைத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவேன். இங்கிலீஷில் வாயைத் திறக்க வைப்பதுதான் என் வேலை. மார்க் போடக் கூடாது, பரீட்சைத் தாள் திருத்தக் கூடாது. அதனால் பிள்ளைகளுக்கு என்னிடம் பயமே இல்லை. முதல் வாரம் வந்த கேள்விகள்: இந்தியாவில் ‘இந்தியன்’ பாஷைதானே பேசுவார்கள்? வீட்டில் யானை உண்டா? இன்ஸ்டாகிராம் இருக்கிறதா, மேடம்?

பாட்டி (குரல் பதிவு, அம்மா எழுதியது), 3.10: யானை மணக்குள விநாயகர் கோயிலில் இருந்தது, போய்விட்டது என்று சொல்ல வேண்டியதுதானே. லட்சுமி போன அன்று ஊரே அழுததே.

மதி, 3.15: சொன்னேன் பாட்டி. அதைக் கேட்டு ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பாடம் அதுதான்.

அம்மா, 3.20: சாப்பிட்டாயா? இன்றைக்கு என்ன?

மதி, 3.31: சனிக்கிழமை ப்ளோ சதுக்கத்தில் சந்தை. இந்த ஊர்ப் பச்சைப் பருப்பு வாங்கி வந்தேன். எரிமலை மண்ணில் விளைவது. 1996இலேயே ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சட்டப் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள், வேறு ஊரில் விளைந்ததை லெ புய் பருப்பு என்று விற்க முடியாது. ஆனால் எவ்வளவு வேக வைத்தாலும் குழையவே மாட்டேன் என்கிறது. சாம்பாருக்கு ஆகாது. தேங்காய், மிளகாய் போட்டுச் சுண்டல் செய்தால் பிரமாதம்.

பாட்டி (குரல் பதிவு), 3.40: குழையாத பருப்பை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய். துவரம்பருப்பு அனுப்பச் சொல்கிறேன்.

மதி, 3.42: பாரீஸ் போகும்போது வாங்கிக்கொள்வேன் பாட்டி. லா ஷப்பேல் பக்கம் இலங்கைத் தமிழர் கடை வரிசையாக இருக்கிறது, முருங்கைக்காய் வரைக்கும் கிடைக்கும். தயவுசெய்து பார்சல் வேண்டாம்.

அம்மா, 3.43: பள்ளியில் கறி மீன்தானே போடுவார்கள்?

மதி, 3.47: வாரத்தில் ஒரு நாள் கண்டிப்பாகச் சைவம் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மற்ற நாள் கறியை விட்டுவிட்டுக் காய், ரொட்டி, சீஸ், பழம். தட்டை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள் அம்மா. நான் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

திங்கட்கிழமை

அப்பா, இரவு 8.05: பேங்க் கார்டு வந்துவிட்டதா?

மதி, 10.10: வந்துவிட்டது அப்பா. திரும்பிப் போன கார்டுதான், இரண்டாவது தடவை அனுப்பினார்கள். இங்கே தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தபால்காரர் போடவே மாட்டார். நான் ‘மதி’ என்று ஒட்டியிருந்தேன். கடிதம் வந்தது உங்கள் பெயருக்கு!

அப்பா, 10.11: என் பெயருக்கா?

மதி, 10.15: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது. இங்கே எல்லாம் அதை வைத்துத்தான். ஆசிரியர் அறையில் எனக்கு ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கிறது, நோட்டீஸ் எல்லாம் அதில்தான் போடுவார்கள். அதன் மேலும் பெரிய எழுத்தில் ‘செல்வராசு’. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தால் “போன்ழூர் மதாம் செல்வராசு” என்பார்.

அப்பா, 10.16: 😌

அம்மா, 10.17: இவர் போனைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த எதிர்வீட்டு சொல்தா தாத்தா வரைக்கும் போயாகிவிட்டது. பனி விழுந்துவிட்டதா என்று கேட்கிறார்.

மதி, 10.20: இன்னும் இல்லை. ஆனால் ‘பியூர்ல்’ என்று ஒரு வடகாற்று உண்டாம், பனியை வாரிக்கொண்டு வந்து சாலையையே மூடிவிடுமாம். எல்லோரும் அதைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள்.

அம்மா, 10.22: குல்லா போட்டுக்கொள்.

புதன்கிழமை

மதி, மாலை 6.30: பாட்டிக்கு ஒரு சேதி. இன்றைக்கு வகுப்பில் கோலம்.

பாட்டி (குரல் பதிவு), 6.34: என்ன கோலம்? எத்தனை புள்ளி?

மதி, 6.45: சிக்குக் கோலம் பாட்டி. நடுவில் 5 புள்ளி, இரண்டு பக்கமும் 1 வரை, நேர்ப்புள்ளி. பதினைந்து வயதுப் பிள்ளைகள். இரண்டிரண்டு பேராக முதுகு காட்டி உட்கார வைத்தேன். ஒருவர் கையில் முழுக் கோலம், மற்றவர் கையில் வெறும் புள்ளி. கோலம் வைத்திருப்பவர் இங்கிலீஷிலேயே வழி சொல்ல வேண்டும், அவர் சொல்லச் சொல்ல இவர் கோடு இழுக்க வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது.

அருண், 6.46: செம ஐடியா அக்கா

மதி, 6.55: ஐந்து நிமிஷத்தில் சந்தைக்கடை ஆகிவிட்டது. தலையில் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் ஒரு பையன் உட்காருவான். அக்டோபரிலிருந்து ‘யெஸ்’, ‘நோ’ தவிர வேறு வார்த்தை வந்ததில்லை. இன்றைக்கு அவன்தான் வழி சொல்ல வேண்டும். தோழன் தப்புத் தப்பாக இழுப்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குல்லாவைக் கழற்றினான். “நீ தொலைந்து போய்விட்டாய். நடுப்புள்ளிக்குத் திரும்பு. அங்கேயிருந்து இடது பக்கம் சுற்று” என்று இங்கிலீஷில் அடுக்கினான் பாருங்கள்! இலக்கணம் அங்கங்கே இடித்தது. நான் வாயே திறக்கவில்லை.

பாட்டி (குரல் பதிவு), 7.02: அதெல்லாம் சரி. கோடு ஆரம்பித்த இடத்துக்கே வந்து மூடியதா?

மதி, 7.04: இரண்டு ஜோடிக்கு மூடியது. மற்றவர்களுக்கு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது.

மதி, 7.06: இன்னொன்று பாட்டி. இந்த ஊர் சரிகைப் பின்னலுக்குப் பேர் போனது. தலையணை மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். ஒரு பெண் எழுந்து “என் பாட்டி செய்வதும் இதேதான், புள்ளிக்குப் பதில் ஊசி” என்றாள். அடுத்த வாரம் தலையணையைக் கொண்டுவருகிறாளாம்.

பாட்டி (குரல் பதிவு), 7.12: படம் எடுத்து அனுப்பு. அந்த அம்மாவுக்கு என்ன வயசு என்றும் கேள்.

வியாழக்கிழமை

மதி, பிற்பகல் 1.05: பெரியப்பா, உங்களுக்குப் பிடித்த சேதி. இன்றைக்கு ஆசிரியர்கள் வேலைநிறுத்தம்.

பெரியப்பா, 1.06: கோரிக்கை என்ன?

மதி, 1.10: அடுத்த வருடம் வகுப்புகளைக் குறைக்கக் கூடாது, ஆசிரியர் இடங்களை வெட்டக் கூடாது. பள்ளி வாசலில் பேனர், காபி, கேக். ஆசிரியர் அறையில் பாதிப் பேர் இல்லை. உள்ளே இருக்கிற பாதிப் பேரும் வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வருகிறார்கள். யார் யாரோடும் முகம் சுளிக்கவில்லை.

பெரியப்பா, 1.12: சம்பளம் பிடிப்பார்களா?

மதி, 1.15: பிடிப்பார்கள். அரசு ஊழியர் ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் மாதச் சம்பளத்தில் 30இல் ஒரு பங்கு போய்விடுமாம். ஆசிரியர் ஒருவர் சொன்னார்.

பெரியப்பா, 1.16: ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் சம்பளமா! அப்படியானால் நாள் முழுக்க நிறுத்துவதுதான் லாபம். இதை அவர்களிடம் சொல்.

மதி, 1.17: அதைத்தான் செய்கிறார்கள் பெரியப்பா 😂

அருண், 1.30: அக்கா, நான் நிஜமாகவே மனுப் போடலாம் என்று பார்க்கிறேன். கஷ்டம் எது என்று மட்டும் சொல்லுங்கள்.

மதி, 1.48: வகுப்பு கஷ்டமே இல்லை. முதல் மாதம்தான் கஷ்டம். வீடு வாடகைக்குக் கேட்டால் பேங்க் கணக்கு எங்கே என்பார்கள், பேங்குக்குப் போனால் வீட்டு முகவரி எங்கே என்பார்கள். எனக்கு லிசே விடுதியிலேயே ஒரு அறை கிடைத்ததால் தப்பித்தேன். எல்லா இடத்திலும் அது கிடைக்காது. சனி, ஞாயிறு பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், மூன்று மாடிக் கட்டடத்தில் நான் மட்டும்தான். ஞாயிறு கடையும் கிடையாது. ஆசிரியர்கள் எல்லோரும் நல்லவர்கள், ஆனால் மணி அடித்ததும் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீ ஆசிரியரும் இல்லை, மாணவனும் இல்லை. அது பழக நாளாகும்.

அம்மா, 1.49: இதையெல்லாம் என்னிடம் சொல்லவே இல்லையே.

மதி, 1.51: இப்போது பழகிவிட்டது அம்மா. பக்கத்து ஊரில் ஒரு ஸ்பானிஷ் அசிஸ்டென்ட் இருக்கிறாள், கொலம்பியாக்காரி. ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து சமைக்கிறோம்.

அருண், 1.53: கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்?

மதி, 1.56: முதல் சம்பளம் அக்டோபர் கடைசியில்தான், சில சமயம் அதுவும் தள்ளிப்போகும். இரண்டு மாதச் செலவுக்குக் கையில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்கிவிடு, மருத்துவக் காப்பீட்டு எண்ணுக்கு அது இல்லாமல் நகராது. அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. உன் பாஸ்போர்ட்டை எடு. குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன இருக்கிறது?

அருண், 2.04: காலியாக இருக்கிறது அக்கா. இனிஷியலும் இல்லை, வெறும் அருண்.

மதி, 2.05: அதை முதலில் மாற்று. இல்லாவிட்டால் ஒவ்வொரு அலுவலகமும் அந்தக் கட்டத்தை அதன் இஷ்டத்துக்கு நிரப்பும். இரண்டு காகிதத்தில் இரண்டு பெயர் வந்துவிட்டால் கார்டு, காப்பீடு எல்லாம் அப்படியே நிற்கும்.

பெரியப்பா, 2.07: என் பெயரைப் போடு. நாளைக் காலை ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பு.