மூன்று நாள் நடந்தும் ஒரு மான் சிக்கவில்லை, எங்கே தப்பு செய்கிறேன்?

யீஷூன்காரன்:
வணக்கம். வயது 38, வேட்டையில் அனுபவம் பூஜ்யம். நியூசிலாந்தில் பால்மர்ஸ்டன் நார்த் பக்கம் குடியேறிவிட்ட என் பழைய கூட்டாளி ஒருவன் வேட்டைக்குப் போகிறவன். அவன் கூப்பிட்டான் என்று போன ஜூலையில் ருவாஹினே மலைக்கு மூன்று நாள் போனேன். துப்பாக்கியும் உரிமமும் அவனுடையவை. நான் என்எஸ்ஸில் (தேசிய சேவை) சார் 21 ராணுவத் துப்பாக்கி சுட்டவன், மார்க்ஸ்மென் (சிறந்த சுடுநர்) பட்டம் எடுத்தவன். அந்தத் தைரியம்தான்.

முதல் இரண்டு நாள் ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை. குளம்புத் தடம் இருக்கிறது, புழுக்கை இருக்கிறது, சில இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. மான் மட்டும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் புதரிலிருந்து ஒரு பெண்மான் எழுந்து நின்றது. 80 மீட்டர் இருக்கும். நின்றவாக்கில் துப்பாக்கியைத் தூக்கினேன். ஸ்கோப்புக்குள் மான் ஆடுகிறதா நான் ஆடுகிறேனா தெரியவில்லை. சுட்டேன். அது ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஏப்ரலில் மறுபடி கூப்பிட்டிருக்கிறான். அதற்குள் சிங்கப்பூரில் இருந்தபடியே என்ன கற்றுக்கொள்ளலாம்? சட்டப்படி நான் சுட்டது சரிதானா என்றும் ஒரு உறுத்தல்.

புதுப் புலி:
ப்ரோ எதுக்கு அவ்வளவு தூரம். லிம் சூ காங் பக்கம் காட்டுப்பன்றி திரியுது. கம்பியில சுருக்கு வெச்சா போதும்.

தேக்கா அக்கா:
புதுப் புலி தம்பி, விளையாட்டுக்குக்கூட இப்படி எழுதாதீர்கள். இங்கே வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் காட்டு விலங்கைக் கொன்றாலோ பிடித்தாலோ 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பாதுகாக்கப்பட்ட இனம் என்றால் 50,000 வெள்ளி, இரண்டு வருடம். பன்றிக்கு ரொட்டி போட்டாலே முதல் தடவை 5,000 வெள்ளி வரை போகும்.

எஸ்டேட் பையன்:
அக்கா சொன்னதுதான் சரி. நான் மலேசியாவில் ஜொகூர் எஸ்டேட்டில் வளர்ந்தவன். எங்கள் தாத்தா நாயைக் கூட்டிக்கொண்டு பன்றி வேட்டைக்குப் போவார், லயத்தில் எல்லா வீட்டுக்கும் பங்கு வரும். அந்தக் காலம் வேறு. இப்போது அங்கேயும் உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொட்டால் பல வருடச் சிறை, கூடவே பிரம்படி. தமிழ்நாட்டிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டைகூடக் குற்றம்தான். பொங்கல் சமயத்தில் மாட்டிக்கொண்டு அபராதம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

யீஷூன்காரன் தம்பி, சில கேள்வி. எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? என்ன உடுத்தியிருந்தீர்கள்? சுட்ட பிறகு போய்ப் பார்த்தீர்களா?

யீஷூன்காரன்:
அண்ணே, போய்ப் பார்த்தோம். அது நின்ற இடத்திலும் ஓடிய வழியிலும் ஒரு மணி நேரம் தேடினோம். ரத்தமும் இல்லை, முடியும் இல்லை. குண்டு படவே இல்லை என்று கூட்டாளி சொன்னான்.

குளிர் தாங்க முடியாமல் பசியாறிவிட்டு ஒன்பது மணிக்குத்தான் கிளம்புவோம், நாலு மணிக்குத் திரும்புவோம். மேலுக்கு முஸ்தபா கடையில் வாங்கிய கருநீலக் குளிராடை. அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, மூக்கு அடைத்துக்கொண்டதால் காலையும் மாலையும் நெஞ்சிலும் கழுத்திலும் கோடாலித் தைலம்.

எஸ்டேட் பையன்:
தைலமா! அந்த மலை முழுக்க உங்களுக்கு முன்னாலேயே செய்தி போயிருக்கும் தம்பி.

தெற்குத் தீவு:
சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். நான் நியூசிலாந்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். என் முதல் ஐந்து பயணமும் உங்களுடையதைப் போலத்தான் முடிந்தன.

உங்கள் கதையில் பெரிய தப்பு நேரம். மான் விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வந்து மேயும். நீங்கள் கிளம்பும்போது அது படுக்கப் போயிருக்கும், நீங்கள் திரும்பிய பிறகு எழுந்திருக்கும். இரண்டாவது, ஜூலை இங்கே நடுக்குளிர்காலம். பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்கு வானத்தில் நிற்கும், அதனால் மான் வெயில் காய்வதற்கு வடக்குப் பார்த்த சரிவைத் தேடும். நீங்கள் எந்தப் பக்கம் நடந்தீர்கள் என்று கூட்டாளியைக் கேளுங்கள். நிழல் பக்கம் என்று சொன்னால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

காற்றைத்தான் உயிராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். விடியலில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும். வெயில் ஏறியதும் திசை மாறி மேலே ஏறும். அதனால் விடியலில் கீழிருந்து மேலே போங்கள், வெயில் ஏறிய பிறகு மேலே இருந்துகொள்ளுங்கள். ஒரு சின்ன டப்பாவில் முகப் பவுடர் வைத்துக்கொண்டு அவ்வப்போது தட்டிப் பார்த்தால் காற்றுத் திசை தெரியும். உங்கள் பிடரியில் காற்று படுகிறது என்றால் அந்தப் பக்கம் போய்ப் பயனில்லை. தைலம் பூசாவிட்டாலும் மனித வாடை போதும் அதற்கு.

நீலத்தை விடுங்கள். மான் கண்ணுக்கு நீலம் பளிச்சென்று தெரியும். ஆரஞ்சு அப்படி எடுப்பாகத் தெரியாது, நம் கண்ணுக்கோ தூரத்திலிருந்தே தெரியும். ஆரஞ்சு மேலாடை போடச் சொல்வது அதனால்தான். மானுக்கு ஒளிவதைவிட மற்ற வேட்டைக்காரன் கண்ணில் படுவது முக்கியம். இங்கே கூட வந்த ஆளையே மான் என்று நினைத்துச் சுட்டுக் கொன்ற சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

சட்டம் பற்றி. உரிமம் உள்ளவருடைய நேரடிக் கண்காணிப்பில் உரிமம் இல்லாதவர் சுடலாம். ஆனால் அவர் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அந்த நேரம் அவர் கையில் வேறு துப்பாக்கி இருக்கக் கூடாது. இரண்டு பேரும் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு நடந்திருந்தால் தப்பு. அது தவிர, அரசாங்கக் காட்டில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டு ஒவ்வொருவரும் எடுக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

பழைய சுடுநர்:
சுடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். மார்க்ஸ்மென் என்பது இங்கே உங்களை ஏமாற்றிவிட்டது. சார் 21இல் ஸ்கோப் 1.5 மடங்குதான், நடுக்கம் கண்ணுக்குத் தெரியாது. வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப்பை 9இல் வைத்து நின்றுகொண்டு பார்த்தால் இதயத் துடிப்புகூடத் தெரியும். அதை 3, 4இல் வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பையைத் தரையில் போட்டு, குப்புறப் படுத்து, அதன் மேல் துப்பாக்கியை வையுங்கள். நின்று சுடுவது உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். தூரம் 100 மீட்டருக்குள். இடம், முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் அடியிலிருந்து உடம்பு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே. இதயமும் நுரையீரலும் அங்கேதான்.

அப்புறம் பின்னுதை. சார் 21 குண்டு 5.56 மில்லிமீட்டர், சின்னது. உங்கள் கூட்டாளியிடம் இருப்பது .308 என்ற பெரிய குண்டுத் துப்பாக்கி என்றால் தோளில் நன்றாகவே இடிக்கும். அந்தப் பயத்தில் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிவிடுவோம். வேட்டைக்கு முன்னால் அங்கேயே ஒரு சுடுதளத்தில் இருபது குண்டாவது சுடுங்கள்.

சிங்கப்பூரில் பயிற்சி என்றால் சஃப்ரா (தேசிய சேவையாளர் மனமகிழ் மன்றம்) யீஷூனில் சுடும் மன்றம் இருக்கிறது, உங்கள் வீட்டுப் பக்கம்தான். காற்றுத் துப்பாக்கிதான், பரவாயில்லை. மூச்சும் விசை விரலும் அங்கே படியும். வீட்டில் மட்டும் எதையும் வாங்கி வைக்காதீர்கள், காற்றுத் துப்பாக்கிக்கும் இங்கே உரிமம் வேண்டும்.

இன்னொன்று. சுடுதளத்தில் யாரோ ஒருவர் உத்தரவு போடுவார், எதிரே மண் மேடு இருக்கும். காட்டில் உத்தரவு போட ஆள் கிடையாது. மானுக்குப் பின்னால் வெறும் வானம் தெரிந்தால் சுடக் கூடாது, குண்டு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

புதுப் புலி:
சரி நான் போட்டது தப்பு, எடுத்துக்கிறேன். ஆனா ஒரு கேள்வி. மானைக் கொல்றது பாவமில்லையா?

தெற்குத் தீவு:
நியாயமான கேள்வி. இந்த ஊர் மண்ணுக்குச் சொந்தமான தரைப் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். மானை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து விட்டார்கள். அடித்துத் தின்னப் புலியோ ஓநாயோ இல்லை. அது காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. நம் நீலகிரி வரையாட்டுக்கு இமயமலையில் ஒரு உறவுக்கார இனம் உண்டு, தார். அதையும் 1904இல் இங்கே கொண்டு வந்தார்கள். தமிழ்நாட்டில் வரையாடு மாநில விலங்கு, தொட்டால் ஜெயில். இங்கே தார் பெருகிவிட்டது என்று அரசாங்கமே ஆள் வைத்துச் சுடுகிறது. பாவமா என்பதை அவரவர் மனசுதான் சொல்ல வேண்டும். நான் சுட்டதைச் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

தேக்கா அக்கா:
யீஷூன் தம்பிக்கு ஒரு யோசனை. சுட்ட பிறகு அறுப்பது யார்? என் அண்ணன் சந்தையில் இறைச்சிக் கடையில் இருக்கிறான். கூட்டம் இல்லாத நாளில் போய்க் கேட்டால் முழு ஆட்டை மூட்டு மூட்டாகப் பிரிப்பதைக் காட்டுவார்கள். எலும்பில் கத்தி இடறாமல் மூட்டுக்குள் விடும் இடம் தெரிந்துவிட்டால் மானும் அதே கணக்குத்தான். ஆனால் இங்கே வருவது குடல் எடுத்த ஆடு, அதனால் குடல் எடுப்பதை மட்டும் கூட்டாளியிடம்தான் கற்க வேண்டும்.

கால் பயிற்சியும் வேண்டும். சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா குன்றின் உச்சியே 163 மீட்டர்தான். பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அடுக்குமாடி புளோக் படிக்கட்டு ஏறுங்கள், லிப்ட்டைப் பார்க்காதீர்கள். விமான நிலையத்தில் கருவாடு, ஊறுகாய், சேறு படிந்த பூட்ஸ் எல்லாவற்றையும் அறிவித்துவிடுங்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து வெள்ளி உடனடி அபராதம்.

யீஷூன்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கூட்டாளியைக் கேட்டேன், நாங்கள் நடந்தது தெற்குச் சரிவுதான்! துப்பாக்கி விஷயத்தில் மட்டும் தப்பு செய்யவில்லை, ஒன்றே ஒன்றைத்தான் மாற்றி மாற்றிப் பிடித்தோம்.

மார்ச் கடைசியிலிருந்து ஆண்மான் கத்தும் பருவம், சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம், சீக்கிரம் வா என்கிறான். ஆனால் எனக்குப் பங்குனி உத்திரத்துக்கு யீஷூன் புனிதமரம் கோயிலில் காவடி வேண்டுதல். விரதத்தில் இருந்துகொண்டு வேட்டைக்கா என்று அம்மா முறைக்கிறார். வள்ளியே வேடர் வீட்டுப் பெண்தானே என்றேன். கரண்டி பறந்து வந்தது. உத்திரம் முடிந்ததும் கிளம்புகிறேன்.

தெற்குத் தீவு:
அம்மா பக்கம்தான் நானும். கத்தும் பருவத்தில் காடு முழுக்க வேட்டைக்காரர்கள் இருப்பார்கள். கேட்கும் கத்தல்கூட மான் கத்தலா, மானை ஏமாற்றக் கத்தும் மனிதனா தெரியாது. முழு உடம்பையும் கண்ணால் பார்க்காமல் விசையில் விரல் வைக்க வேண்டாம். அந்த நேரத்து ஆண்மான் கறியில் ஒரு வாடை இருக்கும், பெண்மான் கிடைத்தால் அதுவே நல்லது.

யீஷூன்காரன் (மே மாதம்):
போய் வந்துவிட்டேன். நாலு நாளில் ஐந்து மான் பார்த்தேன். முதல் மான் மலை முகட்டில் நின்றது, பின்னால் வானம், விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் விடியலில் ஒரு பெண்மான், 70 மீட்டர், பையின் மேல் துப்பாக்கி வைத்து ஒரே குண்டு. பத்தடிகூடப் போகவில்லை. கிட்டே போனதும் கை நடுங்கியது, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சொதப்பினேன். குடல் எடுக்கும்போது கத்தி சிறுநீர்ப்பையில் பட்டுவிட்டது. ஓடைத் தண்ணீரில் தொடை முழுக்கக் கழுவினோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் பிசுபிசுப்பு. கூட்டாளி பயந்துபோய் ஒரு தொடையையே தூக்கிப் போட்டுவிட்டான். காப்பாற்றியிருக்கலாமா?

எஸ்டேட் பையன்:
காப்பாற்றியிருக்கலாம் தம்பி. கழுவியதுதான் கெடுத்தது. தண்ணீர் அழுக்கை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும், ஈரம் நின்றால் கறி கெடும். பட்ட இடத்தை மட்டும் விரல் தடிமனுக்குச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்து, காற்றாட நிழலில் தொங்கவிட வேண்டும். அடுத்த தடவை வயிற்றைக் கீறும்போது கத்தியின் கூர் மேலே பார்க்கட்டும், அடியில் இரண்டு விரலை விட்டுத் தோலைத் தூக்கிக்கொண்டே போங்கள்.