ஒரு தறிக்கு 90 டெசிபல், இரண்டு தறிக்கு 93தானா? ஆப் பழுதா?

கேள்வி (தறிக்காரர் மகன்):
எங்கள் பட்டறையில் 8 விசைத்தறி ஓடுகிறது. அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. சத்தத்தை அளந்து பார்ப்போம் என்று போனில் ஒரு ஆப் இறக்கினேன். ஒரு தறி ஓடியபோது 90, இரண்டு ஓடியபோது 93, எட்டும் ஓடியபோது 99. எட்டுக்கு 720 வர வேண்டாமா?

பதில் (இயற்பியல் வாத்தியார்):
ஆப் காட்டுவது சரிதான் தம்பி, 720 வராது. டெசிபல் மடங்கைச் சொல்கிற அளவு. ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கானால் 3 ஏறும், பத்து மடங்கானால் 10 ஏறும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிறது. மூன்று முறை இரட்டிப்பு, ஆக 9. காதுக்கோ 10 டெசிபல் ஏறினால்தான் ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகப் படும். எட்டுத் தறியும் ஓடும்போது ஒரு தறியைப் போல இரண்டு பங்குதான் கேட்கிறது, ஆனால் காதுக்குள் போகும் ஆற்றல் எட்டு மடங்கு. எனக்குப் பயம் அங்கேதான். போன் மைக் இவ்வளவு சத்தத்தில் குறைத்தும் காட்டலாம்.

தறிக்காரர் மகன்:
அப்போது நான்கு தறியை நிறுத்தினாலும் 3தான் குறையுமா சார்? தள்ளி உட்கார்ந்தால்?

இயற்பியல் வாத்தியார்:
ஆமாம், 3தான். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 குறையும். பட்டறைக்குள் சுவரும் கூரையும் திருப்பி அடிப்பதால் அவ்வளவு குறையாது.

பதில் (இன்னொரு தறிக்காரர்):
தொழிற்சாலை விதியில் 90க்கு 8 மணி நேரம், 95க்கு 4, 100க்கு 2. நீங்கள் 99இல் நாள் முழுக்க நிற்கிறீர்கள். பஞ்சு வைப்பதில் பெரிய பயன் இல்லை, நானும் வருடக்கணக்கில் அதைத்தான் வைத்திருந்தேன். நுரை அடைப்பான் வாங்குங்கள். விரலால் மெல்லிசாக உருட்டி, காதை மேல்பக்கம் இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் வீண்.

தறிக்காரர் மகன்:
அப்பாவுக்குக் குரல் கேட்கிறது, ஆனால் வார்த்தை பிடிபடவில்லை என்கிறார்.

இயற்பியல் வாத்தியார்:
இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தை, அதாவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறனை. ச, ஸ போன்ற ஒலிகள் தேயும். ஒலியை உணரும் உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. உடனே செவித்திறன் சோதனை செய்யுங்கள், அடைப்பானை அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.

தறிக்காரர் மகன்:
இன்றே வாங்கிவிட்டேன் சார். தறியில் ஏற்றிய பாவு நூல் தீராமல் சோதனைக்கு வர மாட்டேன் என்கிறார். சனிக்கிழமை தீர்ந்துவிடும், அன்றைக்கே கூட்டிப்போகிறேன்.