2010 அபுதாபி: ஃபெராரி வெப்பரைப் பார்த்து பிட்டுக்குப் போனது சரியா?

நீலக்கொடி:
2010 ஃபார்முலா 1 சீசனில் ஃபெராரியின் பிட் வால் (டிராக் ஓரத்தில் உட்கார்ந்து உத்தி வகுக்கும் குழு) தன் ஓட்டுநர் அலோன்ஸோவின் சாம்பியன் பட்டத்தைத் தொலைத்த பந்தயம் இது என்பது என் கட்சி. நவம்பர் 14, யாஸ் மரீனா, சீசனின் கடைசிப் பந்தயம். பந்தயத்துக்கு முன் புள்ளிகள்: அலோன்ஸோ 246, ரெட் புல் ஓட்டுநர்கள் வெப்பர் 238, வெட்டல் 231, மெக்லாரனின் ஹாமில்டன் 222. வெட்டல் போல் பொசிஷனில் (வரிசையின் முதல் இடத்தில்) கிளம்பி முன்னால் போய்விட்டார். அவர் ஜெயித்தால் 256. அலோன்ஸோ நான்காவது வந்தால் 258, பட்டம் அவருக்கு. அவர் ஓடிக்கொண்டிருந்ததும் அதே நான்காம் இடத்தில்தான்.

முதல் லேப்பில் (சுற்றில்) ஷூமாக்கர் சுழன்று நின்றார், லியூட்ஸி வந்து மோதினார், எல்லாரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தது. அந்த நேரத்தில் ரோஸ்பெர்க்கும் ரெனோ ஓட்டுநர் பெத்ரோவும் பிட்டுக்கு (டயர் மாற்றும் இடத்துக்கு) போய்க் கடின டயரை மாட்டிக்கொண்டார்கள். 2010-ல் பெட்ரோல் நிரப்புவது கிடையாது. இரண்டு வகை டயரையும் ஒரு முறையாவது போட்டாக வேண்டும் என்பது மட்டுமே கட்டாயம். அதை முடித்துவிட்ட இந்த இருவரும் கடைசிவரை நிற்கப் போவதில்லை. ஆகவே அலோன்ஸோ எப்போது நின்றாலும் இவர்களுக்கு முன்னால் வெளியே வர வேண்டும். 11-வது லேப்பில் வெப்பர் நின்றதும் ஃபெராரி அவரை மட்டும் பார்த்தது. 13-ல் தன் இன்னொரு ஓட்டுநர் மாஸாவையும், 15-ல் அலோன்ஸோவையும் உள்ளே அழைத்தது. அலோன்ஸோ வெப்பருக்கு முன்னால் வந்தார், பெத்ரோவுக்குப் பின்னால் மாட்டினார். ஏழாவதாக முடித்தார். மொத்தம் 252.

கிராவல்:
முடிவைக் கையில வச்சுக்கிட்டுத் தீர்ப்பு சொல்றது சுலபம் நீலக்கொடி. அந்த 15-வது லேப்ல நின்னு பாருங்க. நாலாம் இடம் போதும்னு சொல்றீங்க, சரி. அஞ்சாம் இடம் வந்தா என்ன ஆகும்? 246 கூட 10, மொத்தம் 256. வெட்டலும் 256. சமம்னா எந்த இடம் யாருக்கு அதிகம்னு முதல் இடத்துலேருந்து வரிசையா எண்ணுவாங்க. ரெண்டு பேருக்கும் வெற்றி 5. இரண்டாம் இடம் ஆளுக்கு 2. மூன்றாம் இடம் ஆளுக்கு 3. நாலாம் இடத்துலதான் முடிச்சு அவிழும்: வெட்டலுக்கு பஹ்ரைன், கனடா, மோன்ஸான்னு மூணு, அலோன்ஸோவுக்கு ஆஸ்திரேலியா, சீனான்னு ரெண்டு. பட்டம் வெட்டலுக்கு.

ஒரே ஒரு இடம் கீழ இறங்கினாலும் எல்லாம் போச்சு. அவருக்கு நேர் பின்னாடி இருந்தவர் வெப்பர். அவர் புது டயர்ல வேகமா ரெண்டு மூணு லேப் ஓட்டினா அண்டர்கட் ஆகி முன்னாடி வந்திருப்பார். அதைத் தடுக்காம இருந்து வெப்பர் தாண்டியிருந்தா, "பக்கத்துல இருந்த ஆளைக் கவனிக்கலையே"ன்னு இதே இழையில நீங்களே எழுதியிருப்பீங்க.

நீலக்கொடி:
256 கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் வெப்பர் காலியான சாலையில் ஓடவில்லையே. அவரும் பிட்டிலிருந்து கூட்டத்துக்குள்தான் வந்து விழுந்தார். மாஸாவைப் பாருங்கள்: 13-ல் நின்றவர் கடைசிவரை அல்குவெர்ஸுவாரியைத் தாண்ட முடியாமல் பத்தாவதாக முடித்தார். ஃபெராரிக்கு இது 14-வது லேப்பிலேயே கண் முன்னால் தெரிந்தது. அந்தக் கூட்டத்துக்குள் அலோன்ஸோவையும் அனுப்பினார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

கிராவல்:
மென்மை டயர்ல அப்ப கிரெய்னிங் இருந்துச்சு. மேல்ரப்பர் சுருண்டு துகள் துகளா ஒட்டிக்கும், பிடிமானம் போயிடும். வெப்பர் சீக்கிரம் உள்ள வந்ததே பின்டயர் தாங்காமத்தான். அடுத்த அஞ்சு லேப்ல அலோன்ஸோவுக்கும் அதே கதின்னு நினைச்சதுல என்ன தப்பு?

டெல்டாநேரம்:
குறுக்கே வருகிறேன். கிரெய்னிங் வந்த டயர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தச் சுருண்ட படலம் தேய்ந்து போனால் டயர் மறுபடி பிடிக்கும். எரிபொருள் குறையக் குறையச் சுமையும் இறங்கும். யாஸ் மரீனாவின் தரை வழவழப்பானது, மாலை 5 மணிக்குத் தொடங்கும் பந்தயம், நேரம் போகப் போகத் தரைச் சூடும் தணியும். ஹாமில்டன் 23, வெட்டல் 24, பட்டன் 39-வது லேப்வரை அதே மென்மை டயரில் ஓடினார்கள். அன்று காத்திருந்தவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது. குபிட்ஸா கடின டயரில் கிளம்பி 46-வது லேப்வரை இழுத்து, அலோன்ஸோவுக்கு முன்னால் ஐந்தாவதாக முடித்தார்.

ஆனால் எனக்கு உறுத்துவது ஸ்டார்ட். மூன்றாவதாகக் கிளம்பிய அலோன்ஸோ பட்டனிடம் இடத்தை விட்டார். அதை விடாமல் இருந்திருந்தால் வெப்பர் அண்டர்கட் செய்தாலும் நான்காம் இடம், அப்போதும் சாம்பியன். கையிருப்பாக இருந்த ஒரு இடம் முதல் வளைவிலேயே செலவாகிவிட்டது. பிட் வால் அவ்வளவு பதறியதற்குக் காரணம் அது.

கிராவல்:
இதை ஒத்துக்கறேன். இன்னொண்ணு: பெத்ரோவைத் தாண்ட 40 லேப் இருந்துச்சு. சாம்பியன்ஷிப் ஓட்டுநர், அதைவிட நல்ல கார். தாண்டிடுவார்னு ஃபெராரி நம்பினது நியாயம்தானே?

டெல்டாநேரம்:
அந்த டிராக்கில் நியாயமில்லை. அன்றைய அமைப்பில் 5, 6-வது வளைவில் ஒரு சிகேன் (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவு), உடனே 7-ல் ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு), அதன் பிறகுதான் நீண்ட நேர்பாதை. சிகேனில் ஒட்டிப் போனால் கலங்கிய காற்றில் முன்பக்க டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் காற்றுவிசை) போய் கார் வெளியே தள்ளும். ஒரு லேப்புக்கு இரண்டு முறை முன் விங்கின் மடிப்பை 6 டிகிரிக்குள் மாற்ற அனுமதி இருந்தது, அது போதவில்லை. ஹேர்பினில் முன்னால் இருப்பவர் முதலில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார், இடைவெளி மீட்டர் கணக்கில் விரியும். நேர்பாதையில் காற்றுத்தடையைக் குறைக்கும் எஃப்-டக்ட் இரண்டு காரிலும் இருந்தது, அதனால் அங்கேயும் லாபமில்லை. பெத்ரோவின் ரெனோ நேர்பாதையில் நல்ல வேகம். அப்போது கியர் விகிதத்தைத் தகுதிச்சுற்றுக்குப் பிறகு மாற்ற முடியாது, இன்ஜினுக்கு நிமிடத்துக்கு 18,000 சுற்று வரம்பு, அதனால் உச்ச வேகத்தைக் கூட்டவும் வழியில்லை. முந்துவதற்காகப் பின் விங்கைத் திறக்கும் டிஆர்எஸ் வந்தது 2011-ல். பெத்ரோவும் அன்று பிரேக்கிங்கில் தடுமாறவே இல்லை, அதற்குரிய மதிப்பை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

நீலக்கொடி:
இது எல்லாம் வெள்ளிக்கிழமை பயிற்சியிலேயே தெரியும் விஷயங்கள். பிட்டில் போகும் நேரம் சுமார் 20 வினாடி. பெத்ரோவுக்கும் அலோன்ஸோவுக்கும் இடையே அந்த அளவு இடைவெளி விழும்வரை வெளியே நிறுத்தியிருக்க வேண்டும். பட்டன் அப்படித்தான் ரோஸ்பெர்க்குக்கு முன்னால் மூன்றாவதாக முடித்தார். 2011 ஜனவரியில் டிராக்கில் பொறியாளர்களுக்குத் தலைவராக இருந்த கிறிஸ் டையரை எடுத்துவிட்டு பேட் ஃப்ரையை அந்தப் பொறுப்பில் வைத்தார்கள். ஃபெராரியே தவறை எங்கே பார்த்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கிராவல்:
ஆளை மாத்தினது சாட்சி ஆகாது, தோத்த டீம் யாரையாவது மாத்தத்தான் செய்யும். அலோன்ஸோவோட சீசனைப் பாருங்க: சீனால ஜம்ப் ஸ்டார்ட் (சிக்னலுக்கு முன்னாடியே கிளம்பறது), மொனாக்கோ பயிற்சியில மோதி தகுதிச்சுற்றே போச்சு, ஸ்பால மழையில மோதல். நாலு பாயின்ட்லதான் பட்டம் போனது, இதுல எது ஒண்ணு இல்லாட்டியும் அபுதாபிக்கு அவர் சொகுசா வந்திருப்பார். நீங்க சொல்ற 20 வினாடி இடைவெளி எந்த லேப்ல விழுந்திருக்கும்னு லேப் டைம் வச்சுக் காட்டுங்க. அதுக்கு முன்னாடி டயர் விழாதுன்னு 15-வது லேப்ல ஃபெராரிகிட்ட என்ன ஆதாரம் இருந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஒத்துக்கப் போறதில்லை.