மெட்டல் கேட்ட காதுக்கு அடுத்து என்ன? சுங்கை சிப்புட்டிலிருந்து என் அனுபவம்

மெட்டல் என்னும் கனமான, அதிரடியான ராக் இசையைத் தாண்டி எதைக் கேட்கலாம் என்று தம்பி ஒருவர் இங்கே கேட்டிருந்தார். பலரும் மனத்துக்கு இதமான பாடல்களாகவே சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தம்பி இளைப்பாற இடம் கேட்கவில்லையே! கனமோ, வேகமோ, சிக்கலான கணக்கோ, எது பிடித்து மெட்டலுக்குள் போனோமோ அதையே பிடித்துக்கொண்டு அடுத்த இசைக்குப் போகவேண்டும். எனக்கு அந்த வழியைக் காட்டியவர் ஒரு தவில்காரர்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்து மேளம் வந்திருந்தது. இரவு சாமி ஊர்வலம் முடிந்து பந்தலில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். "என்ன தம்பி, காதில் மாட்டிக்கொண்டு அப்படித் தலையை ஆட்டுகிறாய்? இங்கே கொடு" என்றார் தவில்காரர். ஸ்வீடன் நாட்டு மெஷூகா குழுவின் பாட்டு அது. கித்தார்கள் ஐந்தும் ஏழுமாகக் கணக்கை உடைத்துக்கொண்டு ஓடும். மேலே சிம்பல் மட்டும் நான்கு நான்காகத் தட்டிக்கொண்டிருக்கும். பெரியவர் முகம் சுளிக்கவில்லை. தொடையில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போட்டார். வாய்க்குள் "தகதகிட, தகதகிட" என்று எண்ணினார். சிறிது நேரம் கழித்து, "எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் சமத்தில் வந்து உட்காருகிறான் பார். கணக்குத் தெரிந்தவன்" என்றார். சமம் என்பது தாளம் தொடங்கும் அடி. பிறகு தன் பங்குக்கு கோர்வை எனப்படும் தாளக் கணக்கு ஒன்றை வாயாலேயே சொல்லிக் காட்டினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதற்குப் பிறகு, கச்சேரிப் பதிவுகளில் நான் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்த, தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை மட்டும் தேடித் தேடிக் கேட்கத் தொடங்கினேன். அது இந்திய இசையையும் மேற்கத்திய இசையையும் கலந்த ஷக்தி குழுவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஜான் மெக்லாஃப்லின் கித்தார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். 1976இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டைக் கேளுங்கள். மின்கித்தாரும் டிரம்ஸும் இல்லாமலேயே அந்த வேகம் மூச்சை முட்டவைக்கும்.

மெட்டலிலேயே மெதுவான, பாரமான டூம் வகையை விரும்புகிறவர்களுக்கு வேறு பாதை. பிளாக் சபாத் குழுவின் கித்தார் கலைஞர் டோனி ஐயோமி பர்மிங்காம் ஆலையொன்றில் இரு விரல்களின் நுனியை இழந்தவர். விரலுக்கு வலி குறையட்டும் என்று கித்தார் நரம்புகளைத் தளர்த்தினார். ஸ்தாயி இறங்கி ஒலி கனத்தது. அந்தக் கனத்தில் சொக்கிப்போன நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. செம்பனை ஆலையில் இரவு வேலை. அவனுக்குக் கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் பாடிய பதிவு ஒன்றை அனுப்பினேன். மிகத் தாழ்ந்த சுருதி, அவசரமே அறியாத விளம்ப காலம். "யார் அண்ணே இவர்? அடிவயிற்றிலிருந்து மலையைப் புரட்டுகிறார்" என்று விடியற்காலையில் குரல்செய்தி வந்தது. அடுத்து இந்துஸ்தானி இசைக் கலைஞர் ஜியா மொகியுத்தீன் டாகரின் ருத்ர வீணை. தடித்த தந்திகள், பெரிய குடங்கள். ஆலாபனையில் தாளவாத்தியமே கிடையாது. ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு அது அடங்கும்வரை காத்திருப்பார். டூம் இசை தேடும் கனம் முழுவதும் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது என்பேன்.

உறுமல் குரலுக்காக மெட்டல் கேட்பவரா? ரஷ்யாவின் தூவா பகுதியில் அடித்தொண்டையிலிருந்து பாடும் கர்கிரா பாட்டுக்குப் போங்கள். டெத் மெட்டல் பாடகர்களைப் போலவே அவர்களும் குரல்நாண்களுக்கு மேலிருக்கும் போலி நாண்களை அதிரவைக்கிறார்கள். ஹூன்-ஹூர்-தூ குழு நல்ல தொடக்கம். இரைச்சல்தான் வேண்டும் என்றால் போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி 52 தந்திக் கருவிகளுக்காக எழுதிய, ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கான இரங்கல் இசை. வீட்டில் குழந்தைகள் தூங்கும்போது வேண்டாம்.

நமக்குப் பக்கத்திலேயே பாலித் தீவின் கமெலான் என்னும் வெண்கலக் கருவிகளின் குழு இசை இருக்கிறது. இரண்டிரண்டு கருவிகளைச் சற்றே வேறுபட்ட சுருதியில் வேண்டுமென்றே அமைப்பார்கள். சேர்ந்து ஒலிக்கும்போது காற்றே நடுங்குவதுபோல் இருக்கும். கைப்பேசி ஒலிபெருக்கியில் அது பாதிகூடத் தெரியாது; நல்ல ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மெட்டலை இரைச்சல் என்று திட்டும் நம் பெரியவர்கள் உறுமி மேளத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். வளைந்த குச்சியால் தோலை உரசும்போது எழும் அந்த முனகல் எந்த மின்கித்தாருக்கும் இளைத்ததல்ல. தைப்பூசத்தில் உறுமி அடிக்கும் பையன்கள் நம் தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகள்தான். அவர்களிடம் மெட்டலைக் கொடுங்கள், மெட்டல் கேட்கும் பையன்களை அவர்கள் ஒத்திகைக்கு அழைத்துப் போங்கள்.

கானா, செனகல் தாளங்களில் ஊறியவர்கள் இங்கே இருந்தால் அடுத்து நீங்கள் எழுதுங்கள். முதலில் எந்தப் பதிவைக் கேட்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.