கரிசல் மண்ணில் ஆவாரை: இடுப்பு உயரத்துக்குள் அடர்த்தியாக வளர்க்க முடியுமா?

சாத்தூர்_வாசல்:
வணக்கம். சாத்தூர்ப் பக்கம் புது வீடு. வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். கரிசல் மண், நாள் முழுக்க வெயில், போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். எல்லாரும் குரோட்டன்ஸ், இட்லிப்பூ வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஆவாரைதான் வேண்டும். ஆனால் ரோட்டோர ஆவாரை எல்லாம் கன்னாபின்னாவென்று பரந்து ஆளுயரம் நிற்கிறது. இடுப்பு உயரத்துக்குள் புதராக, பூவோடு வைத்திருக்க முடியுமா? கண்மாய்க்கரையில் இருந்து ஒரு நல்ல செடியைப் பெயர்த்து வரலாமா?

கோவில்பட்டி_அண்ணாச்சி:
பெயர்க்காதீர்கள் தம்பி. ஆவாரைக்கு ஆணிவேர் நேராகக் கீழே இறங்கியிருக்கும். வளர்ந்த செடியைத் தோண்டினால் அது அறுந்துவிடும். அப்புறம் குடம் குடமாக ஊற்றினாலும் பிழைக்காது. விதைதான் சரி. நெற்று பழுப்பாகி, ஆட்டினால் சலசலக்கும்போது பறியுங்கள். விதைத்தோல் கெட்டி. கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரை விதை மேல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பதை மட்டும் எடுத்து, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே குழிக்கு மூன்றாகப் போடுங்கள். முளைத்ததில் திடமான ஒன்று போதும். புரட்டாசிக் கடைசியில் போட்டால் ஐப்பசி மழைக்கு வேர் பிடித்துவிடும்.

கரிசலில் நான் பயப்படுவது தேங்கும் தண்ணீருக்குத்தான். சரளை கலந்து ஒரு முழ உயரம் மேடு கட்டி, அதன் மேல் விதையுங்கள். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீராகப் பார்த்து ஊற்றுங்கள். அடுத்த வருஷத்தில் இருந்து மழையே போதும் என்பதால் போர் தண்ணீர்க் கவலை உங்களுக்கு இல்லை.

இப்போது உயரம். செடி ஒரு சாண் வந்ததும் நுனிக் குருத்தைக் கிள்ளுங்கள். அதற்குக் கீழே இலைக்காம்பு சேரும் இடங்களில் இருக்கும் கண்கள் உடைத்துக்கொண்டு இரண்டு மூன்று கிளை வரும். அவையும் ஒரு சாண் நீண்டதும் மறுபடி கிள்ளுங்கள். ஆவாரை கிளை நுனியில்தான் கொத்தாகப் பூக்கும், அதனால் நுனி கூடினால் பூவும் கூடும். பெரிய கவாத்தை ஆடிக் கடைசியில், முழங்கால் உயரத்துக்குச் செய்யுங்கள். தயங்க வேண்டாம், தோல் பதனிடும் பட்டைக்காக வெட்ட வெட்டத் தழைத்த செடி இது.

பல்லடம்_தோட்டம்:
நர்சரியில் வாங்குவதாக இருந்தால் பார்த்து வாங்குங்கள் தம்பி. மஞ்சள் பூ என்றாலே தங்கரளியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அது அமெரிக்கச் செடி, பூ குழலாக இருக்கும். ஆவாரைக்கு ஐந்து இதழும் தனித்தனி. பூ இல்லாத நேரத்தில் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள்: காது மடல் மாதிரி அகலமாக ஒரு சின்ன இலை தண்டோடு ஒட்டியிருக்கும். அது இருந்தால் ஆவாரைதான்.

இன்னொன்று. இலையில் பச்சைப் புழு வரும். நடு நரம்போடு ஒட்டிக் கிடப்பதால் லேசில் கண்ணுக்குத் தெரியாது. தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள், அவை வெளிர்நிறப் பட்டாம்பூச்சியாகும் புழுக்கள். செடி மறுபடி துளிர்த்துக்கொள்ளும். காலையில் பெரிய கருவண்டு பூவில் தொற்றி உர்ரென்று அதிர்வதையும் பார்ப்பீர்கள். மகரந்தப்பையின் நுனியில் சின்னத் துளைதான் உண்டு, அந்த அதிர்வில்தான் தூள் வெளியே கொட்டும்.

எங்கள் பக்கம் போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூ சேர்த்துக் காப்புக் கட்டுவோம். இப்போது ரோட்டை அகலப்படுத்தி ஓரத்துப் புதரையெல்லாம் வழித்துவிட்டதால் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டு வாசலில் ஒன்று நிற்பது எவ்வளவு நல்லது!

மாடித்தோட்டம்_மதுரை:
ஆவாரை பயறு குடும்பம்தானே? வேர் முடிச்சில் தழைச்சத்து சேரும், பக்கத்துச் செடிக்கும் உரம் மிச்சம்.

கோவில்பட்டி_அண்ணாச்சி:
குடும்பம் அதுதான், ஆனால் ஆவாரை இனத்தில் பொதுவாக வேர் முடிச்சு உண்டாவதில்லை. கொழிஞ்சிக்கு உண்டு, இதற்கு இல்லை. இதன் தழையை வெட்டி வயலில் மிதித்தால் நல்ல தழையுரம், அது வேறு கணக்கு. அதற்காகச் செடிக்கு உரம் போட்டு ஊட்டவும் வேண்டாம். சாணியுரமும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தால் இலையாகவே ஓடி, கிளை நீண்டு சாய்ந்துவிடும், பூ குறையும். கவாத்து செய்த தழையை அடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள், அது போதும்.

சாத்தூர்_வாசல்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா. மேடு கட்டிவிட்டு விதை தேடுகிறேன். சுவரின் மேற்கு மூலையில் மத்தியானத்துக்கு மேல் வேப்பமர நிழல் விழும். அங்கேயும் ஒன்று போடலாமா?

கோவில்பட்டி_அண்ணாச்சி:
வேண்டாம் தம்பி. நிழலில் வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாக நீளும், நீங்கள் கேட்ட அடர்த்தி வராது. வெயில் விழும் பக்கமே நான்கடிக்கு ஒன்றாகப் போடுங்கள்.